பச்சை சோரிசோ

அத்தியாயம் பதினொன்று

ஃபிரிட்ஜைத் திறந்த தம்பி அப்படியே நின்றான். குளிர் காற்று முழங்காலில் அடித்தது. அவன் அசையவில்லை.

"அக்கா, இங்க ஒரு பொட்டலம் இருந்துச்சே?"

"என்ன பொட்டலம்?"

"பழுப்புத் தாள்ல சுத்தி, மேல பெருசா 'தொடாதே'ன்னு எழுதி வெச்சிருந்தேன்."

அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். வாணலி கிடந்தது. அதன் அடியில் சிவப்பு எண்ணெய் உறைந்திருந்தது. பக்கத்தில் கசங்கிய பழுப்புத் தாள். 'தொடாதே' என்ற எழுத்தின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, அதுவும் சிவப்பாக.

அவளுடைய கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். ஊர் விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவார். போகிற வழியில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு போவது வழக்கம். தம்பி போன் செய்தான். அவர் வேனை ஓரம் கட்டிவிட்டு ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"சத்தியமா உன்னோடதுன்னு தெரியாது மச்சான். தொடாதேன்னுதான் எழுதியிருந்தது. யாரு தொடக்கூடாதுன்னு எழுதலையே?"

"அத்தான்!"

"ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தச் சிவப்பு எண்ணெய்ல ரொட்டியைப் புரட்டிச் சாப்பிட்டேன் பாரு..."

தம்பி போனை வைத்துவிட்டான். வைத்துவிட்டு ஃபிரிட்ஜின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

போன வாரம் இந்த வீட்டுக்குள் வராதவர்களுக்கு: கதை வெறும் ஒரு பொட்டலம் சாசேஜைப் பற்றியது அல்ல. சித்தப்பாவின் இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலி போட்டுக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, தம்பி ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் நறுக்கப் போனான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவனும் அப்பாவோடு பேசுவதில்லை. ஒரே கூடத்தில், ஒரே டிவியைப் பார்த்தபடி, இரண்டு பேரும் அக்கா மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்த நிலையில் துறைமுகத்தை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு அம்மாள், தன் சமையலறையில் ஒரு இடம் காலியிருப்பதாகச் சொன்னாள். மதியம் வீட்டுக்கே வருகிறாள், சாப்பிட்டுப் பார்க்க. பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை தம்பி திரும்பச் சித்தப்பா ஆபீசுக்குப் போக வேண்டும். இது அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டது. அப்பாவிடம் அல்ல, அக்காவிடம்.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான், மசாலா போட்ட பன்றிக்கறியைக் குடலில் அடைத்த சாசேஜ். சோரிசோ. அதோடு மூன்றே பொருள் சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, உப்பு கணக்கில் வராது.

"காய வெச்ச சோரிசோவை யாரு வேணும்னாலும் நறுக்கித் தட்டுல அடுக்கலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். "பச்சையா இருக்கறதை வாங்கிச் சமை. அப்பதான் தெரியும்."

தம்பி ஒரு வாரமாக யோசித்து மூன்றையும் முடிவு செய்திருந்தான். உருளைக்கிழங்கு, தக்காளி, கொண்டைக்கடலை. கடலை முந்தின நாளே ஊறப்போட்டு, வெந்து, ஒரு பெரிய பாத்திரம் நிறைய அடுப்பு மேடையில் இருந்தது. எல்லாம் இருந்தது. சோரிசோ மட்டும் ஒரு ரொட்டி வேனில், ஒரு மனிதர் வயிற்றுக்குள், ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப யாரு போய் வாங்கறது?" என்றான் தம்பி. "எனக்கு ஷிப்ட் இருக்கு. லீவு கேட்டேன், பாதி நாள்தான் குடுத்தாங்க."

"எனக்கும்தான் வேலை இருக்கு."

இரண்டு பேரும் கூடத்தைப் பார்த்தார்கள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கொடி காட்டினால்தான் இந்த வீட்டில் எதுவும் நகரும் என்ற நினைப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"உன் தம்பிகிட்ட கேளு" என்றது செய்தித்தாள். "ஒரு சாசேஜுக்கு எதுக்கு இத்தனை கூத்துன்னு."

"அப்பாகிட்ட சொல்லு" என்றான் தம்பி, "வாங்கித் தர முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லச் சொல்லு."

"நான் என்ன தபால் பெட்டியா?" என்றாள் அக்கா. "நீங்க ரெண்டு பேரும் போட்டுப் போட்டு என் வாயே தேஞ்சு போச்சு."

செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது.

"எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்லு. போறேன்."

அக்காவுக்கு ஓட்டல் துணி வெளுக்கும் நிறுவனத்தில் மேற்பார்வை வேலை. படுக்கை விரிப்பு, துவாலை, மேசை விரிப்பு. அன்று அவள் உள்ளே நுழையும்போதே எல்லோரும் ஒரே இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு விருந்தாளியின் சிவப்பு சாக்ஸ், ஒற்றை சாக்ஸ், வெள்ளை மேசை விரிப்புகளோடு உள்ளே போய்விட்டது. வெளியே வந்தவை எல்லாம் ரோஜா நிறத்தில் இருந்தன. அன்று இரவு ஒரு பெரிய ஓட்டலில் மாநாட்டு விருந்து. அவர்களுக்கான விரிப்புகள் அவை.

ஓட்டல் மேலாளர் ஒரு போனில் கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் இன்னொரு போனில் தம்பி வந்தான்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்க. மார்க்கெட்டுக்குப் பின்னால இறைச்சிக் கடை இருக்கு. பச்சையா இருக்கறது வேணும்னு சொல்லு. காய வெச்சது வேண்டவே வேண்டாம். சிவப்பா இருக்கும், விரலால அமுக்கினா மெத்துனு உள்ள போகணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது. வை."

"திருப்பிச் சொல்லு பாப்போம்."

"டேய், இங்க மேசை விரிப்பெல்லாம் ரோஜாப்பூ மாதிரி இருக்கு. வைடா போனை!"

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். மேலாளர் மற்ற காதில் இன்னும் ஓயவில்லை.

"அப்பா, மார்க்கெட்டுக்குப் பின்னால. சோரிசோ."

"சொறியா? யாருக்கு?"

"சொறி இல்லப்பா! சோ... ரி... சோ. சாசேஜ். பச்சை சோரிசோ, அரைக் கிலோ. பச்சை. அதை மட்டும் மறந்துடாதீங்க."

"பச்சை" என்றார் அப்பா. அவர் எதையாவது குறித்துக்கொள்ளும்போது வரும் குரல். "சரி."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாக்கியத்தில் முக்கால்வாசியை அவள் அந்த ரோஜா நிற விரிப்புகளுக்கு நடுவில் தொலைத்துவிட்டாள். தொலைத்தது அவளுக்கே தெரியவில்லை.

விரிப்புகளைத் திரும்ப வெளுக்கப் போட்டுவிட்டு, மேலாளரிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கட்டிக்கொண்டு, அவள் மதியம் வீட்டுக்கு வந்தபோது தம்பி மேல்சட்டைக் கையை மடித்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான். அப்பா இன்னும் வரவில்லை.

"எங்க போனாரு?" என்றான். "ஒரு சாசேஜ் வாங்க இவ்வளவு நேரமா? கேளு."

"வந்தா கேக்கறேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா வேர்த்து ஒழுக உள்ளே வந்தார். பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா தம்பியிடம் நீட்டினாள். தம்பி பிரித்தான்.

நான்கு சாசேஜ். நான்கும் பச்சை. கொத்தமல்லியை அரைத்துக் குடலில் அடைத்தது போல, பளிச்சென்று இலைப்பச்சை.

குழாய் சொட்டியது.

"இது என்ன?" என்றான் தம்பி. அக்காவைக் கேட்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, நேராக, அப்பாவைப் பார்த்து. "அப்பா, இது என்னது?"

"சோரிசோ" என்றார் அப்பா. "பச்சை சோரிசோ. அதானே கேட்டே?"

"பச்சைன்னா பச்சை நிறம் இல்லப்பா! பச்சைன்னா வேகாதது! காய வைக்காதது!"

"அப்ப வேகாததுன்னு சொல்லணும். பச்சைன்னா பச்சைதான். முதல் கடைக்காரன் சிரிக்கிறான், அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னான். ரெண்டாவது கடையில சிவப்பைக் காட்டி எடுத்துக்கங்கன்னான். நான் விடுவேனா? சொன்னா சொன்னதுதான் வாங்கணும்னு பஸ் ஏறிப் போய், கடைசியில ஒருத்தன் உள்ளயிருந்து எடுத்துக் குடுத்தான்."

"சிவப்பைக் கையில குடுத்தான், அதை வேணாம்னீங்களா?"

"நீ பச்சைன்னு சொன்னியே!"

"வேணும்னே பண்ணீங்க. நான் அந்த நாற்காலிக்கே திரும்பப் போகணும்னு பண்ணீங்க."

அப்பாவின் முகம் ஒரு நொடி அணைந்து போனது. அக்கா பார்த்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கு விளங்கியது. இவ்வளவு நாளாக அவள் வழியாகவே போய்வந்த இரண்டு குரல்கள் இப்போது நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அவள் தேவைப்படவில்லை. அதற்காகச் சந்தோஷப்படத்தான் நேரமில்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள். "சொன்னது நான். இவன் சிவப்பு, மெத்துனு, காயாததுன்னு எல்லாம்தான் சொன்னான். நான் பச்சைன்னு மட்டும் சொன்னேன். சாக்ஸ்ல மூழ்கிக் கிடந்தேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. ஆனா முதல்ல அடுப்பைப் பத்தவை, அந்த அம்மா வர்ற நேரம்."

தம்பி சாசேஜைப் பார்த்தான். அமுக்கினான். மெத்தென்று உள்ளே போனது. "வேகாததுதான்" என்று முணுமுணுத்தான். நிறம் மட்டும்தான் மாறிப்போயிருந்தது.

ஒன்றைத் தோல் கிழித்து, உதிர்த்து, சூடேறாத வாணலியில் எண்ணெய் விடாமல் போட்டான். சிறு தீ. கொழுப்பு உருகத் தொடங்கியது. பச்சை மிளகாய் வாசனையும் இலை வாசனையும் வந்தன. வழக்கமான சிவப்பு எண்ணெய் இல்லை, அந்தப் புகைவாசமும் இல்லை. பழக்கத்தில் தக்காளியைப் போட்டான். கிளறினான். பச்சையும் சிவப்பும் கலந்து, மழை பெய்த தெருவின் நிறத்துக்கு வந்தது.

வாயில் வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"தக்காளி வேண்டாம். அதுக்குப் புளிப்பு வேணும், ஆனா இது இல்லை." அதை ஒரு டப்பாவில் வழித்துப் போட்டான். "கடலையும் வேண்டாம். மாவு மாதிரி மூடிடும். கொத்தமல்லி வாசனையே வெளிய வராது."

"அந்தக் கடலைய யாருடா திங்கறது?" என்றாள் அக்கா. "ஒரு பட்டாளத்துக்கு வேகவெச்சிருக்கே!"

"அப்புறம் பாக்கலாம். அப்பா, கீழ் கடையில எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. மஞ்சளா இருந்தாலும் சரி, பச்சையா இருந்தாலும்..." நிறுத்தினான். "எலுமிச்சம்பழம். எந்த நிறமா இருந்தாலும்."

அப்பா மறுபடி செருப்பை மாட்டினார். அக்காவைப் பார்க்கவே இல்லை.

மீதி மூன்றையும் உதிர்த்து, மறுபடி குளிர்ந்த வாணலி, சிறு தீ. கொழுப்பு இறங்கியதும் கறியை ஓரம் எடுத்தான். அரை வேக்காட்டு உருளைக்கிழங்கைச் சிறு கட்டிகளாக அந்தக் கொழுப்பில் பரப்பினான். கிளறவில்லை. அக்கா கரண்டியை எடுக்கப் போனாள். "தொடாதே" என்றான். அடியில் பொன் நிறம் பிடித்த பிறகுதான் திருப்பினான். பூண்டு. கறி மீண்டும் உள்ளே. உப்பு போடவில்லை, சாசேஜிலேயே இருக்கிறது. நடுவில் குழி செய்து, கடலைக்குப் பதிலாக முட்டைகளை உடைத்து ஊற்றி மூடினான். அப்பா வாங்கி வந்த எலுமிச்சை கடைசியில்தான், அடுப்பை அணைத்த பிறகு. முன்னாலேயே பிழிந்தால் பச்சை நிறம் செத்துவிடும்.

கடைக்கார அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். நரைத்த குட்டை முடி, தோளில் ஒரு பெரிய பை.

"நாலு மாடியா? பசி எடுக்க வைக்க நல்ல ஏற்பாடு."

தட்டு வேண்டாம் என்றாள். வாணலியையே கொண்டு வரச் சொன்னாள். மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"சிவப்பு இல்லையே."

"அது வந்து..." தம்பி துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டும்னு நானேதான் பச்சையில..."

"தப்பா வாங்கினது நான்" என்றார் அப்பா, கூடத்திலிருந்து.

"தப்பாச் சொன்னது நான்" என்றாள் அக்கா.

வாசல் கதவு அப்போதுதான் திறந்தது. வேன் சாவியோடு நின்றார் அவள் கணவர். உள்ளே என்ன பேச்சு என்று தெரியாது. நாலு முகங்களையும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "முதல்ல இருந்ததைத் தின்னது நான்" என்றார்.

கடைக்கார அம்மாள் முள்கரண்டியை எடுத்தாள். உருளைக்கிழங்கை, கறியை, முட்டையின் ஓரத்தைச் சேர்த்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். யாரையும் பார்க்கவில்லை. இன்னும் ஒன்று.

"ஒரு சட்டிக்கு நாலு குற்றவாளியா?" என்றாள். "நாலு பேர்ல நீ ஒருத்தன்தான் பொய் சொன்னே. சமைக்க வந்தவன் நீ."

தம்பியின் காது சிவந்தது.

"சாப்பாடு நல்லா இருக்கு. ஆனா நீ பொய் சொன்னதுதான் எனக்குப் பயமா இருக்கு. என் கடையில தீஞ்சு போனா தீஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு நீ எதையாவது கெடுத்துட்டு, வித்தியாசமா இருக்கட்டும்னு செஞ்சேன்னு சொன்னா நான் எங்க போறது?"

பையைத் தோளில் ஏற்றினாள். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது, திங்கட்கிழமை, சித்தப்பா, நாற்காலி.

"ஒரு நிமிஷம்" என்றான் தம்பி.

அவன் உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்து வந்தான். மழைத்தெரு நிறத்தில் இருந்ததை அவள் முன்னால் வைத்தான்.

"இது நான் கெடுத்தது. பச்சைன்னு தெரிஞ்சும் பழக்கத்துல தக்காளியைப் போட்டேன். கால்வாசிக் கறி இதுல போச்சு. ஒளிச்சு வெச்சிருந்தேன். நீங்க போனதும் கொட்டிடலாம்னு."

அவள் அதிலும் ஒரு வாய் எடுத்தாள். மெல்ல மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சகிக்கல" என்றாள்.

"ஆமா."

"தண்ணி குடு."

அக்கா தண்ணீர் கொடுத்தாள். அம்மாள் முழுக்கக் குடித்து, டம்ளரை வைத்தாள்.

"திங்கட்கிழமை காலையில வா. என் அடுப்புல சிவப்பை வெச்சு இதே மாதிரி செய். ஒரு மாசம் பாக்கறேன். அப்புறம்தான் நிரந்தரம், இப்பவே ஆடாதே." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பச்சை எங்க கிடைச்சுது? நான் எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன், எவனும் இருக்குன்னு சொல்லல."

அப்பா பஸ் நம்பரிலிருந்து தொடங்கினார். அவள் பாதியில் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கதவு மூடியது. அக்காவின் கணவர் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தம்பி வாணலியைப் பார்த்தபடி நின்றான். சிரிப்பதா உட்காருவதா என்று தெரியாதவன் போல.

"திங்கட்கிழமை" என்றான். "அக்கா, திங்கட்கிழமை."

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம்" என்றார். "சித்தப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். திங்கட்கிழமை நீ வந்துடுவேன்னு."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நேத்தா?" என்றான் தம்பி. "சமைக்கறதுக்கு முன்னாடியே?"

"வேலை கிடைக்காதுன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க."

"ஆமா, நினைச்சேன். அதுக்காகப் பஸ் ஏறிப் போகாம இருந்தேனா?"

தம்பி துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்கப் போனான்.

அப்பா போனை எடுத்தார். எண்ணை அழுத்தி, சட்டைக் காலரைச் சரி செய்து, ஏதோ நேரில் பார்க்கப் போகிறவர் போல நிமிர்ந்து நின்றார்.

"நான்தான்டா. திங்கட்கிழமை வேண்டாம்... இல்ல, செவ்வாய்க்கிழமையும் வேண்டாம். அவன் வரமாட்டான்... அவன் சொல்லல. நான் சொல்றேன்."

அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

மறுமுனையில் சித்தப்பா நீளமாகப் பேசினார். அப்பா கேட்டார். காலரிலிருந்து கை இறங்கியது. ஒரு முறை "அதெப்படி?" என்றார். இன்னொரு முறை "யாரைக் கேட்டு?" என்றார். பிறகு போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"இவன் வர்றான்னு, இவன் இடத்துல இருந்த பையனை வேலையை விட்டு அனுப்பிட்டானாம். நியாயம் கேக்கக் கிளம்பி இங்கதான் வர்றான். அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு."

நால்வரும் வாசல் கதவைப் பார்த்தார்கள்.

அக்கா வாணலியை மூடி ஓரமாக வைத்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். மதியச் சாப்பாடு இன்னும் யாரும் சாப்பிடவில்லை, விரிப்புகள் வெள்ளையாயிற்றா என்று தெரியவில்லை, நாள் முடிய இன்னும் பாதி இருந்தது.